நான்காவது மூட்டம்

ஒரே நாளில் தீ வைத்த நான்கு கரிமூட்டங்களில் மூன்று, புகை நீலமாகி அடங்கிவிட்டன. நான்காவது மட்டும் ஒன்பதாம் நாளும் வெள்ளையாகவே புகைந்துகொண்டிருந்தது. சோற்றுத் தூக்குடன் வரப்பில் வந்த பிருந்தா அதைப் பார்த்து நின்றாள். எம்.ரெட்டியபட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பன்னிரண்டு வருடத்தில், கருவேல விறகு மண்ணுக்கடியில் வேகும் வாசனை அவளுக்கு அத்துப்படி. இது அந்த வாசனை இல்லை.

தங்கச்சி சுகப்பிரியா காணாமல் போயும் ஒன்பது நாள். அம்மா செத்த பிறகு அக்கா வீட்டிலேயே இருந்தவள். காதலன் மணிகண்டனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசியது. நல்ல கதைதான், ஆனால் அந்த மணிகண்டன் நேற்றுக்கூடப் பாளையம்பட்டியில் வருகிற போகிற பஸ்ஸுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊரே அதைப் பார்த்தது. பார்த்த பிறகும் ஓடிவிட்டாள் என்றே பேசியது. இப்போதும், முதல் மூட்டத்தைப் பிரித்துக் கரி பொறுக்கிக்கொண்டிருந்த ராக்கம்மாளும் மற்ற பெண்களும் பிருந்தாவைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

தங்கச்சி மணிகண்டனோடு கிளம்பப்போவதை மோப்பம் பிடித்தது பிருந்தாதான். கணவன் நாகராஜிடம் சொன்னதும் அவள்தான். குடும்ப மானம் என்று வாயால் சொன்னாளே தவிர, உள்ளே இருந்தது வயிற்றெரிச்சல். அருப்புக்கோட்டைக்குப் போனால் நாகராஜ் இரண்டு பேருக்கும் பூ வாங்கி வருவான். நீளமான சரம் கொழுந்தியாளுக்குத்தான். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவவிடாமல் அதிலேயே போட்டுச் சாப்பிடுவான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்து பழகிவிட்டாள் பிருந்தா.

நாகராஜ் நான்காவது மூட்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். கரி சுடுகிறவன் யாரும் வெள்ளை வேட்டி கட்டுவதில்லை.

“இது ஏங்க இன்னும் வேகல?”

“உள்ள பச்சை இருக்கு. மெதுவாத்தான் வேகும்.”

தூக்கைத் திறந்தான். முதல் கவளத்தை உருட்டி, மூட்டத்தின் அடியில் வைத்தான்.

“மண்ணு குழைச்சு எடுத்து வாரேன். பாத்துக்க. ஓட்டை விழுந்தா உடனே அடைக்கணும். காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் சாம்பலாயிரும்.”

அவன் போனான். வெயில் மங்கிக்கொண்டு வந்தது. கருவேலங்காட்டுக்குள் ஒரு மயில் கத்தி ஓய்ந்தது. மூட்டத்துக்குள் விறகு முறியும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. விறகு முறிந்தால் ஒரு தடவைதான் கேட்கும். இது விட்டு விட்டுக் கேட்டது. தட்டுவதுபோல.

மண் சரிந்தது. அவள் மார்பு உயரத்தில் ஒரு ஓட்டை.

பிருந்தா அங்கிருந்து ஓடியிருக்கலாம். ஆனால் தங்கச்சி எங்கே என்று தெரிந்தாக வேண்டும். குனிந்தாள்.

உள்ளே செக்கச்செவேலென்று கட்டைகள். நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி. கருகவில்லை. தலை குனிந்திருந்தது. காற்று உள்ளே போனதும் நிமிர்ந்தது.

“அக்கா.”

பிருந்தாவின் முதுகுக்குப் பின்னால் மண்கூடையை இறக்கி வைக்கும் ஓசை.

“அடை,” என்றான் நாகராஜ். குரலில் கோபமே இல்லை. “வெளிய வந்தா அவன்கிட்டத்தான் போவா. அவ போறான்னு எங்கிட்டச் சொன்னதே நீதான?”

பிருந்தா திரும்பிப் பார்த்தாள். ராக்கம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து கரி பொறுக்கத் தொடங்கினாள். மற்ற பெண்களும் அப்படியே.

எல்லோருக்கும் தெரியும். சொன்னது யார் என்பதும்.

பிருந்தா மண்ணை அள்ளினாள். அப்பினாள். ஈரம் சீறியது. அப்பிய மண் மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அதில் ஐந்து விரல்கள் புடைத்தன. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். தோல் பொரிந்தது. கையை எடுக்கவில்லை. மறுபக்கத்து விரல்கள் அவள் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தன.

நாகராஜ் அடுத்த கூடை மண்ணைக் குழைத்தான்.