சிவப்புத் தெரியாதது

முதல் பிரதியில் நாற்காலியில் ஆள் இருந்தது. இரண்டாவதில் நாற்காலி வெறுமை. தகடு என்னவோ ஒன்றேதான்.

சிவகலா தட்டிலிருந்த படம் கழுவும் மருந்துத் தண்ணீரை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். வினாகிரியின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. 2004 மாசி. சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு தனியார் சேகரிப்பகத்தின் நிலவறையில், ஒற்றைச் சிவப்பு விளக்கின் கீழ், ஒரு கிழமையாக அவள் நிலாக்களைப் புகைப்படப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் நிலாவைக் கண்ணாடித் தகட்டில் பிடித்த ஆங்கிலேய வானியலாளர் ஒருவரின் தகடுகள். கடைசித் தகட்டில் மட்டும் நிலா இல்லை. தோட்டம், தொலைநோக்கி, நாற்காலி. அதில் நீண்ட கோட்டுப் போட்ட, முகம் கலங்கிய ஓர் உருவம்.

தகட்டின் உறையிலிருந்து விழுந்திருந்த சீட்டை அப்போதுதான் விரித்தாள். பழுப்பு மையில் ஆங்கிலம். இந்தத் தகடுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, நாற்காலியில் இருக்கும் அதற்கும் தெரியாது, பிரதி எடுப்பவர் சிவப்பை விட்டு வெளியே வர வேண்டாம்.

தகட்டை விளக்கருகே தூக்கினாள். அதிலும் நாற்காலி வெறுமை.

கதவுக்கு வெளியே, நடைக்கூடத்து வெள்ளை ட்யூப்லைட்டுகளின் ரீங்காரத்துக்குள், ஈரச் சப்பாத்து இழுபடுவதுபோல ஏதோ நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

பிறகு பழக்கமான காலடி. தவராஜா. ரெஸ்டோரண்ட் குசினியில் பகல் வேலை முடித்து, வெள்ளைச் சட்டையும் தோள் துவாயுமாக அவளைக் கூட்டிப்போக வருகிற புருஷன். கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படக் கடதாசி பழுதாகிவிடும், வெளியிலேயே நில்லுங்கோ என்று அவனைப் பழக்கியவள் அவள்தான்.

"இஞ்சருங்கோ, உள்ளை வாங்கோ. கெதியா."

அவன் சிரித்தான். "போன கிழமை வாங்கின பேச்சுப் போதும். உம்மடை நிலா பழுதாப் போகும். நான் இஞ்சையே நிக்கிறன்."

"நிலா போகட்டும். வாங்கோ."

வேறு யாருக்கோ அவன் மரியாதையாக வணக்கம் சொல்வது கேட்டது. ஜெர்மன் மொழியில்.

பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். சீட்டு நினைவுக்கு வந்தது. கை நின்றது. ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான்.

கதவடி வெளிச்சக் கோட்டில் நான்கு கால்களின் நிழல்.

பிறகு இரண்டு.

கதவு தட்டப்பட்டது. அவன் தட்டுகிற மாதிரியே. மூன்று தரம்.

அவள் திரும்பினாள். தட்டில் இரண்டாவது பிரதி மிதந்தது. நாற்காலி இப்போது வெறுமை இல்லை. வெள்ளைச் சட்டை. தோளில் துவாய். கலங்கிய முகம்.

வாய் மட்டும் தெளிவு. அவள் பெயரைச் சொல்லத் திறந்தபடி.