இடப்பக்கத்து பிரேக்

போட்டு மூணு வாரம்கூட ஆகாத பிரேக் பேடு, இடப்பக்க முன்சக்கரத்தில் மட்டும், இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. வலப்பக்கத்தில் போட்டது போட்டபடி புத்தம் புதுசு. இத்தனைக்கும் வானகரம் ஃபிளாட்டின் பேஸ்மென்டை விட்டு வண்டி வெளியே போனதே ரெண்டு தடவைதான், அதுவும் டயருக்குக் காற்றடிக்க.

"சரி, மாத்திடுவோம்" என்று யூஜின் சக்கரத்தைக் கழற்றினான். ஆச்சரியம்கூட வரவில்லை. ஜனவரியிலிருந்தே அவனுக்கு எதுவும் வருவதில்லை. பேடு போய்விட்டது, உடனே மாற்று என்று மெக்கானிக் வேம்புலி படித்துப் படித்துச் சொல்லியும், அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று மிச்சம் பிடித்தவன். குமணன்சாவடியில் வண்டி நிற்கவில்லை. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி ஹெலினா போய்ச் சேர்ந்தாள். கல்லறையில் மண் போடும்போதும் அவன் அழவில்லை. சே, இவனும் ஒரு மனுஷனா என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

மாமியார் தெரசா, ஏழு வயது மகள் ரெனிதாவைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போய்விட்டார். "எல்லாத்தையும் நானே பாத்துச் சரி பண்ணிட்டேன், அத்தை. இப்ப வண்டி கச்சிதமா நிக்குது" என்று போனில் கெஞ்சிக் கெஞ்சி, நாளைக் காலையில் பிள்ளையை அனுப்பச் சம்மதம் வாங்கியிருந்தான். பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேலே யார் வீட்டிலோ கொதித்த மட்டன் குழம்பின் வாசனையும், தண்ணீர்த் தொட்டியின் ஈர வாடையும், சாகமாட்டாமல் முனகிக்கொண்டிருந்த ட்யூப்லைட்டின் சத்தமும் கலந்து அந்தப் பேஸ்மென்டில் அப்படியே தேங்கி நின்றன.

"இன்னா சார், இன்னிக்கும் வண்டியும் கையுமாவே கீறே? துன்னியா இல்லியா?" வாட்ச்மேன் செங்கல்வராயன் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் பாப்பா வருதுண்ணே."

"வரட்டும், வரட்டும். பிரேக்க மிதிக்க ஆள் வேணும்னா ஒரு கொரல் குடு." செருப்பைத் தேய்த்துக்கொண்டு மேலே போனார்.

பிரேக்கை மிதித்தால் பேடைப் பிடித்து அழுத்துகிற பிஸ்டனை யூஜின் உள்ளே தள்ளினான். புது பேடைச் செருகினான். அது சரியாக உட்காரவில்லை. இடுக்கில் விரலை விட்டு நெம்பினான்.

தொப்.

வண்டி லேசாகக் குலுங்கியது. பிஸ்டன் நகர்ந்து விரலைக் கவ்வியது.

"அண்ணே, மிதிக்காதீங்க! கை உள்ள இருக்கு!"

"நானா?" குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. "நான் கேட்டாண்ட கீறேன் சார்!"

தலையைத் தூக்கிப் பார்த்தான். டிரைவர் சீட் காலி.

தொப்.

சத்தம் அங்கிருந்து வரவில்லை. இந்தப் பக்கம். அவன் காதுக்குப் பக்கத்தில், கதவுக்கு உள்ளே. பிரேக்கே இல்லாத தரையில்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வேகம் கூடினால் ஹெலினா பயத்தில் தரையை மிதிப்பாள். "அங்க ஏதுடி பிரேக்?" என்று எத்தனை தடவை சிரித்திருக்கிறான்! அன்றைக்கும் மிதித்தாள். கடைசிவரைக்கும் மிதித்தாள்.

விரலை இழுத்தான். வரவில்லை.

தொப்.

நகம் வெளுத்தது. பிறகு கறுத்தது. வலிக்கவில்லை. யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"விடு, ஹெலினா."

மறு கையால் கதவைத் தட்டினான்.

"ஐயோ, விடும்மா. காலையில பாப்பாவைக் கூட்டிட்டு வரணும். இதே வண்டியிலதான்..."

நின்றது. ட்யூப்லைட்கூட முனகவில்லை. அவன் மூச்சு விட்டான்.

பிறகு மிதித்தாள். இந்தத் தடவை ரெண்டு காலாலும். மெதுவாக. முழு பலத்தோடு. ஜாக்கி கிரீச்சிட்டது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு உள்ளே, ஆளில்லாத சீட்டில், பெல்ட் இழுபட்டு இறுகி நின்றது. மிதித்த காலை அவள் எடுக்கவில்லை.