பிஸ்கட் டப்பாவில் ஆறு கருவிகள்

மழை விட்ட ஒரு பிற்பகலில், இரும்புக் கடைக்காரர் ஹுங் தே-மாவ் ஒரு பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்தபடி லியாவ் யூயின் அம்மையாரின் வாசலில் வந்து நின்றார். நனைந்த செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே வந்தவரைக் கண்டதும், எதிர்வீட்டு டாக்சிக்காரர் சூ போ-வென் தம் தேநீர்க் கோப்பையோடு பின்னாலேயே நுழைந்துவிட்டார். அம்மையாரைத் தேடி யாராவது பதற்றத்தோடு வந்தால், போ-வென்னுக்கு அன்றைய சவாரி மறந்துபோகும்.

அம்மையார் தைச்சுங் நகரத்தின் கைக்கருவித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றியவர். பல நாடுகளிலிருந்து உடைந்து திரும்பி வரும் குறடுகளையும் திருப்புளிகளையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, எது எப்படி உடைந்தது, திருப்பி அனுப்பியவர் சொன்ன கதை மெய்யா பொய்யா என்று எழுதித் தருவதே அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை.

டப்பாவில் ஆறு மடக்குக் கருவிகள் இருந்தன. சாவிக்கொத்தில் கோத்துக்கொள்கிற, விரல் நீளமே உள்ள சாமான்கள். ஒன்றில் திருப்புளியும் குறடும். ஒன்றில் கத்தரியும் அரமும். ஒன்றில் புட்டி திறப்பான்.

ஹுங் சொன்ன கதை இது. இரண்டு மாதமாக ஓர் அம்மாள் கடைக்கு வருகிறாள். பெயர் பான் அம்மா. பின் சந்தில் தரைத்தளத்து வீடு. இருக்கிற கருவிகளையெல்லாம் விரித்துப் பார்த்து, கையில் எடை பார்த்து, ஒன்றை வாங்கிப் போவாள். பத்து நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, வேறொன்றை வாங்குவாள். பணம் திரும்பக் கேட்பதில்லை. இதற்கிடையில் அதே சந்தில் மூன்று வீடுகளில் திருட்டு. சந்தேகப்படும்படி கருவி வாங்கியவர் பெயரை இன்று மாலைக்குள் போலீசுக்குக் கொடுக்கச் சொல்லி வட்டத் தலைவர் நெருக்குகிறார்.

"குடுத்தா அந்தம்மா வாசல்ல போலீஸ் நிக்கும். குடுக்காம விட்டு நாலாவது வீடு போச்சுன்னா ஊரே என் மேல காறித் துப்பும். எனக்கு ஒண்ணும் ஓடலை அக்கா" என்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பூட்டுத் திறந்து பழகுறாங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டார் போ-வென்.

"உன் டாக்சி மீட்டரை விட உன் வாய் வேகமா ஓடுது" என்றார் அம்மையார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

அரை மணி நேரம் ஒவ்வொரு கருவியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போ-வென் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆறும் எண்ணெய் தொட்டுத் துடைத்த சுத்தம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாகம் மட்டும் கெடுக்கப்பட்டிருந்தது. முதல் கருவியில் திருப்புளியின் முனை மழுங்க ராவப்பட்டிருந்தது. இரண்டாவதில் திருப்புளியே கிடையாது. அதில் அரத்தின் நுனி. மூன்றாவதில் புட்டி திறப்பானின் மூலை. கீல் இடுக்குகளில் மஞ்சள் தூள் கொஞ்சம். கட்டை விரல் படும் இடம் மட்டும் கண்ணாடிபோல் தேய்ந்து மின்னியது.

"வாங்கும்போது அந்தம்மா ஏதாவது கேப்பாங்களா?" என்றார் அம்மையார்.

ஹுங் யோசித்தார். அவள் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மடக்குவாளாம். ‘டக்’கென்று சத்தம் வராவிட்டால் வாங்க மாட்டாளாம்.

அம்மையார் கண்ணாடியைக் கீழே வைத்தார். "இந்த மஞ்சள் தூள் பித்தளை. வீட்டுப் பூட்டுத் தகட்டுத் திருகாணியில இருந்து வந்தது. அந்தத் திருகாணி கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?"

போ-வென் தம் வீட்டுக் கதவை மனத்தில் திறந்து மூடிப் பார்த்தார். "உள்பக்கம்" என்றார், சொன்னதும் அவர் முகம் மாறியது. "வெளியில இருந்து வர்ற திருடனுக்கு அது எட்டாது. உள்ள யாரையோ அடைச்சு வச்சிருக்காங்க அக்கா. வீட்டு வேலைக்கு வந்த ஏதாவது வெளிநாட்டுப் பொண்ணு."

"அடைச்சு வச்சவங்களே கைதிக்கு மாசம் மூணு டூல் வாங்கிக் குடுப்பாங்களா?"

அம்மையார் முதல் கருவியைப் போ-வென் கையில் வைத்தார். இதில் இரண்டு கைகள் வேலை செய்திருக்கின்றன என்று விளக்கினார். திருகாணியில் ஒரு முறைகூட வழுக்காமல் திருப்பிய கை ஒன்று. பல ஆண்டு தொழில் பழகிய கை. முனையை மழுக்கிய கை வேறு. நகம் ராவும் அரத்தால், குறுக்கும் நெடுக்குமாக, வழி தெரியாமல் ராவிய கை.

"வாங்குறதும் மழுக்குறதும் அந்தம்மா. கழட்டுறது வீட்டுக்குள்ள இருக்கிற இன்னொருத்தர். டூல் இல்லாம அவரால இருக்க முடியாது. ஜெபமாலை மாதிரி நாள் பூரா விரிச்சு மடக்கிட்டே இருக்கார். டூல் இருந்தா வெளியே போயிடறார். கதவைத் திறக்காத டூல் ஒண்ணைத்தான் அந்தம்மா தேடிட்டு இருக்காங்க."

நால்வரும் கடையில் சந்தித்தது மாலை ஐந்து மணிக்கு. பான் அம்மா ஏழாவது கருவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அதில் வெறும் கத்தரி மட்டும். கத்தரியின் நுனி இரண்டும் ராவப்பட்டிருந்தன. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அவருக்கு என்ன தொழில்?"

பான் அம்மா மறுக்கவில்லை. ஹுங் நகர்த்திய முக்காலியில் உட்கார்ந்தார். கணவர் ஷுன்ஃபா முப்பத்தெட்டு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக். மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடுப்பில் கருவி இல்லாவிட்டால் பையைப் பிறாண்டி விரலில் இரத்தம் வரவழைத்துக்கொள்வார், சோறு இறங்காது. இருந்தால் பூட்டையே பெயர்த்து எடுத்து, நான்கு திருகாணிகளையும் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வெளியே பூட்டுப் போட்டால், தீப்பிடித்தால் என்ன செய்வது? முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"போன வாரம் பன்னெண்டாவது மாடில, லிஃப்ட் மெஷின் ரூம்ல கண்டுபிடிச்சாங்க. ஓடுற சக்கரத்துக்குப் பக்கத்துல கையை நீட்டிட்டு நின்னாராம்" என்றார். "நான் தூங்கினாத்தான் அவர் கிளம்புறார். அதனால நான் தூங்குறதில்ல."

ஹுங் போலீசுக்கென எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கசக்கினார். அப்புறம் அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கடையில் இருந்த மடக்குக் கருவிகள் அனைத்தையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார், இருபத்திரண்டு வகை. அம்மையார் ஒவ்வொன்றையும் எடுத்தார், விரித்தார், ஒதுக்கினார். இதன் வளையம் திருகாணியில் பொருந்தும். இதன் மூடியே நெம்புகோல் ஆகும். யானைக்குச் சங்கிலி செய்யச் சொன்ன பாகன் ஒருவன், அது சங்கிலிபோல் ஒலிக்கவும் வேண்டும், யானையின் காலை உறுத்தவும் கூடாது என்றானாம். மூன்று நாள் யோசித்த கொல்லன் உலையை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டானாம். இருபத்திரண்டாவது கருவியைக் கீழே வைத்தபோது அம்மையார் அந்தக் கொல்லனைப் போலத்தான் இருந்தார். போ-வென் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் அம்மையார், "கேஸ் டார்ச் இருக்கா?" என்று கேட்டார்.

சிறிய கருவி ஒன்றைப் பிரித்து, அதன் திருப்புளியையும் அரத்தையும் மற்ற அலகுகளையும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டார். பதம் இறங்கிய எஃகு ஈயம்போல் வளையும். மடக்கும்போது ஒலியெழுப்பும் ஸ்பிரிங் தகட்டை மட்டும் நெருப்பில் காட்டவில்லை. வாழ்நாளெல்லாம் இப்படிப்பட்ட சரக்கைக் கழித்துக் கட்டியவர், அன்று அதைத் தம் கையால் செய்தார். கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுநாள் காலை தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பான் ஷுன்ஃபா ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். கருவியை வாங்கி மடக்கிப் பார்த்தார். ‘டக்’. முகம் தெளிந்தது. நேரே கதவுக்குப் போய்ப் பூட்டின் முதல் திருகாணியில் முனையை வைத்துத் திருப்பினார். முனை முறுக்கிக்கொண்டது. அரத்தை எடுத்தார், அதுவும் வளைந்தது.

ஷுன்ஃபா கோபப்படவில்லை. வளைந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இரும்புக்குச் சூடு சரியா குடுக்கல. யார் அனுப்பினது இதை?" என்றார்.

அம்மையார் தலை குனிந்தார். "எங்க தப்புதாங்க. நல்லது வர கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும் யாரும் இதுல ஏறக் கூடாது" என்றார் ஷுன்ஃபா. உள்ளே சென்று ஓர் அட்டையைக் கிழித்து, நடுங்காத எழுத்தில், ‘பழுது. பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதி, கதவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். கையில் ‘டக், டக்’ என்ற ஒலி.

ஐந்தாம் நாள் போ-வென் அந்தச் சந்துக்கு முட்டைக்கோசு ஒன்றோடு போனார். பான் அம்மா சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது.

"அவர் யாரையும் விட மாட்டேங்கறார் தம்பி. அட்டை தொங்குற வரைக்கும் கதவுகிட்ட போகக் கூடாதாம். நானும் உள்ளதான் கெடக்கேன்."

"லியாவ் அக்காகிட்ட சொல்லி வேற ஏதாவது வழி பண்ணட்டுமா?"

"வேண்டாம்" என்றார் அவர். "நேத்து ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன்."

முட்டைக்கோசு கம்பிகளுக்கிடையே நுழையவில்லை. போ-வென் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் இலை இலையாகப் பிய்த்து உள்ளே நீட்டத் தொடங்கினார். பான் அம்மா ஒவ்வொன்றாக வாங்கி மடியில் அடுக்கினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாமான் வந்துடுச்சா?"

"இல்லங்க" என்று பான் அம்மா திரும்பாமலே சொல்லிவிட்டு, அடுத்த இலைக்குக் கையை நீட்டினார். "நாளைக்கு வருமாம்."