நான்காவது புகையறை

மற்ற ரப்பர் ஷீட்டுகள் எல்லாம் பழைய புகையும் நாற்பது வருடத் தூசியும் ஏறிக் கரும்பழுப்பாக மூங்கில் கழிகளில் தொங்கிக்கொண்டிருக்க, மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. பால் வெள்ளை. கீழ் விளிம்பில் நீர் கோத்து நின்றது. சரளா கைவிளக்கை அதன்மேல் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நேற்று மாலை இந்த அறையைப் பூட்டியவள் அவள்தான். பூட்டும்போது இது இல்லை.

சிம்பாங் பூலாய் தாண்டி, சுண்ணாம்பு மலை ஒன்றின் அடிவாரத்தில் இருந்த பழைய ரப்பர் ஆலையை நவீன ஓவியக் காட்சியகமாக மாற்றி ஆறு வருடம் ஆகியிருந்தது. இடம் போதவில்லை. பின்னால் சும்மா கிடக்கும் புகைக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்ததும் சரளாதான். காட்சிகளுக்கு அவள்தான் பொறுப்பு. அந்தக் காலத்தில் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைத்த நான்கு அறைகள். சன்னல் கிடையாது. மூன்று அறைகள் காலியாக இருந்தன. நான்காவதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஏன் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. போன வாரம் கண்ட்ராக்டரின் ஆட்கள் இடித்துத் திறந்தபோது, உள்ளே ஷீட்டுகள் இறக்கப்படாமல் அப்படியே தொங்கின.

இயக்குநர் சிவசுப்பிரமணியன் வாசலில் நின்று குழந்தைபோலச் சிரித்தார். "இதுக்கு மேல என்ன கலை வேணும்? ஒண்ணையும் தொடாதீங்க சரளா. இப்படியே காட்டுவோம்." கதவு போட்டு, பூட்டும் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு நாள்.

இப்போது அவள் அவருக்குப் போன் செய்தாள்.

"ஆர்ட்டிஸ்ட் யாராச்சும் வந்து புதுசா ஒண்ணு மாட்டினாங்களா சார்?"

"இல்லையே. ஏன், நல்லா இல்லையா?"

"ஈரமா இருக்கு சார்."

"படம் அனுப்புங்க."

படம் போன இரண்டாவது நிமிடம் பதில் வந்தது. அழகு. விட்டுடுங்க.

அவள் கிட்டே போனாள். புது ஷீட்டில் ஆசிட்டின் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும் என்று கேட்டிருக்கிறாள். இதில் அந்த வாடை இல்லை. வேறொரு வாசனை, மிகவும் பழகியது, பெயர் மட்டும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அப்புறம் தெரிந்தது. தூங்குகிற ஆளின் பிடரியில் வருகிற வாசனை. வியர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும். விரல் நுனியால் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது மேற்பரப்பெல்லாம் ஊசிமுனை அளவு துளைகள். அவள் தொட்ட இடத்தைச் சுற்றி அந்தத் துளைகள் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுந்தன, குளிரில் முன்கையில் மயிர்க்கால்கள் எழுவதைப் போல.

வெளியே வந்துதான் மூச்சு விட்டாள். ரப்பர்தானே, வெப்பத்துக்கு ஏதாவது ஆகும் என்று சொல்லிக்கொண்டாள்.

ராத்திரிக் காவலுக்கு ஜாகா பார்க்கிற சன்னாசி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. தாப்பா டவுனில் பிறந்து, பதினாறு வருடம் மலைக்குப் பஸ் ஓட்டியவர்.

"ராத்திரி யாரும் உள்ள வந்தாங்களாண்ணே?"

"யாரும் வரல லா தங்கச்சி. நான்தானே இருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "தூங்கலம்மா, சத்தியமா. ஆனா விடியறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் எங்க இருந்தேன்னுதான் நெனவு வரல."

அன்றைக்கே பூட்டை மாற்றினாள். ஒரே சாவி, அது அவள் கைப்பையில். புதுக் கட்டடத்துக்குக் கேமரா இன்னும் வரவில்லை. மறுநாள் காலை இரண்டு வெள்ளை ஷீட்டுகள் தொங்கின. அதற்கு மறுநாள் மூன்று. முந்தைய நாட்களின் வெள்ளை மெல்லப் பழுப்பேற, புதிது எப்போதும் ஈரமாக, விளிம்பில் ஒரு சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இயக்குநரிடம் மறுபடி சொன்னாள். யாரோ ஓவியர் விளையாடுகிறார், திறப்பன்று தானாக வந்து நிற்பார், அதுவரை பத்திரிகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய குரலில் சந்தோஷம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலைக்கு வந்த சன்னாசி, அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துப் போட்டிருந்தார். முகம் துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல இருந்தது.

"கிளினிக் போங்கண்ணே. பார்க்கவே பயமா இருக்கு."

"எதுக்கும்மா? வலியே இல்ல. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு." சிரித்தார். பதிவேட்டை நீட்டக் கையைத் தூக்கியபோது ஸ்வெட்டர் தோளில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. உள்ளிருந்து வெள்ளையாக ஒரு இழை நீண்டு வந்தது. அவர் அதைப் பார்க்காமலே பிய்த்து, இரு விரல்களுக்கு நடுவே உருட்டி, ஒரு பந்தாக்கிச் சுண்டி எறிந்தார்.

அது என்ன என்று சரளா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இன்னைக்கு லீவு எடுங்க. வேற ஆள் போடச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம்மா." முதன்முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "நெரையில ஒண்ணு கொறஞ்சா ஏசுவாங்க லா."

"எந்த நெரை? யாரு ஏசுவாங்க?"

அவர் காவல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் அவளை விடவில்லை. பால்வெட்டுக்கு ஒரு ஆளுக்கென்று பிரித்துக் கொடுக்கும் மர வரிசையைத்தான் தோட்டத்தில் நெரை என்பார்கள். சன்னாசி தன் வாழ்நாளில் தோட்ட வேலை பார்த்தவர் இல்லை.

தூக்கம் வரவில்லை. அந்த ஆளை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்ற நினைப்பு, ஐந்து மணிக்கு அவளைக் காரில் ஏற்றியது. ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காட்சியகத்து வாசலில் இறங்கினாள். இன்னும் இருட்டு. மலையின் இடுப்பில் பனி. கொட்டகையில் விளக்கு எரிந்தது. மோட்டார் சைக்கிள் நின்றது. நாற்காலியில் ஸ்வெட்டர் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

"அண்ணே?"

புகைக்கூடத்துக்கு நடந்தாள். நான்காவது அறையின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்த நொடியில் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் குரல் கேட்டது, வெகு சாதாரணமாக.

"இங்கதான்மா."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். திறந்தாள். உள்ளே கதகதப்பு, அதே பிடரி வாசனை, ஆனால் இப்போது ஒருவருடையது அல்ல, பலபேர் ஒரே அறையில் படுத்து எழுந்ததைப் போல.

சரக்.

கத்தி எதையோ மெல்லிசாகச் சீவும் சத்தம். மௌனம். நான்கு எட்டு நடக்கும் நேரம். மறுபடி, சரக்.

தொங்கும் ஷீட்டுகளின் இடுக்கு வழியே ஒரு சிறிய வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஆளின் நெற்றி உயரத்தில், பால் வெட்டுகிறவர்கள் கட்டும் விளக்கைப்போல. நகர்ந்தது. நின்றது. சரக். நகர்ந்தது. அறை முப்பதடி நீளம். வெளிச்சம் முந்நூறு அடிக்கு அப்பால் இருந்தது.

"அண்ணே, வெளிய வாங்க. போயிரலாம்."

"வரக்கூடாதும்மா. இன்னும் வடியணும்."

குரல் வந்த பக்கம் ஷீட்டுகளை விலக்கினாள். கையில் பட்ட ஒவ்வொன்றும் சிலிர்த்தது. ஒன்று. இன்னொன்று. வெறும் பாதம். வேட்டி. இடுப்பு.

சன்னாசி ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இடது தோளிலிருந்து வலது விலாவரை சாய்வாக ஒரு வெட்டு. அதன் கீழே, நூல் பிடித்ததுபோல, இன்னொன்று. மொத்தம் ஆறு. தேர்ந்த கை. ரத்தம் இல்லை. கடைசி வெட்டிலிருந்து பால் வெள்ளையாக இறங்கி, விலாவில் அடித்திருந்த தகர நாக்கின் வழியே, இடுப்பில் கம்பியால் கட்டிய, பால் பிடிக்கும் மங்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

சரளாவின் வாய் திறந்தது.

"கத்தாதம்மா," என்று கெஞ்சினார். "வெட்டுற கை பிசகினா ஆழமா போயிடும்."

அவருக்கு அடுத்த தூணிலும் ஆள். அதற்கடுத்ததிலும். புகைபட்டுக் கறுத்தவர்கள், ஆண்களும் பெண்களும், கண் மூடி, வரிசையாக, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. ஒவ்வொருவருக்கும் ஒரு மங்கு.

திரும்பினாள். வாசல் இருந்த பக்கம் இப்போது ஷீட்டுகள் மட்டும்.

சரக்.

வெளிச்சம் ஐந்து தூண் தள்ளி இருந்தது. அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. சரக். நான்கு.

சன்னாசி ஒரு கையை மெதுவாக நீட்டி, தன் இடது பக்கத்துத் தூணை மறைத்திருந்த ஷீட்டை ஒதுக்கினார். பஸ்ஸில் சீட்டு நகர்ந்து கொடுப்பதுபோல, கொஞ்சம் தள்ளியும் நின்றார். அந்தத் தூணில் யாரும் இல்லை. அதில் ஒரு புது மங்கு, கழுவித் துடைத்து, அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாகக் கட்டப்பட்டிருந்தது.