யாராவது வரட்டும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவர் அதைச் சாத்திவிட்டு வாருங்கள். பயந்துகொண்டு அல்ல, காற்று அடிக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போவது அரண்மனைப் பேயும் இல்லை, சுடுகாட்டுப் பேயும் இல்லை. உங்கள் பிள்ளைகள் டிவி முன்னால் சோறு தண்ணி மறந்து வீடியோ கேம் ஆடுகிறார்களே, அதில் வரும் ஒரு வில்லனின் சங்கதி. அவன் மண்டியிட்டு, கைகளை விரித்து, எதிரில் நிற்பவர்களையெல்லாம் தன் நெஞ்சுக்கு இழுத்து உயிரை உறிஞ்சுவான். அந்த அடி எங்கிருந்து பிறந்தது என்பதுதான் கதை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் சொன்னது. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இடம் ஒரு பழைய கிடங்கு. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே இருட்டு. சுவரைச் சுற்றிக் காமிராக்கள், ஒவ்வொன்றும் சிவப்புக் கண்ணோடு. ஒரு மனிதர் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பில், மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டிக்கொண்டு நடுவில் நின்று ஆடுவார். காமிராவுக்கு ஆள் தெரியாது, உருண்டைகள்தான் தெரியும். கம்ப்யூட்டரில் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் மேல்தான் வில்லனின் உடம்பைப் போர்த்துவார்கள்.

காமிரா சில சமயம் வேண்டாத புள்ளிகளையும் பிடித்துவிடும். மோதிரம் மின்னினால் ஒரு புள்ளி, தரையில் தண்ணீர் சிந்தினால் ஒரு புள்ளி. அவற்றைப் பொறுக்கித் துடைப்பது இவள் வேலை. அதனால் ஆபீசில் இவளுக்குத் ‘துடைப்பம்’ என்று பெயர். வில்லனுக்கு ‘மாமனார்’. சிம்மாசனத்தை விட்டு நகராமலே எல்லோரையும் குற்றம் சொல்வானாம், அதனால்.

மாமனாருக்காக ஆடியவர் ஒரு சண்டை மாஸ்டர். வயதானவர். முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஆளுக்கு முன்னால் என் முட்டிச் சத்தம் வந்து ஆஜர் சொல்லும் என்று அவரே சிரிப்பார். கல்யாணமில்லை, கூடப்பிறந்தவர் இல்லை, ஒண்டிக்கட்டை. மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

கைகளை விரித்து உயிரை உறிஞ்சும் அந்தக் கடைசி அடியைப் பதியும் நாள் வந்தது. காலையிலிருந்து ஆடியும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. உலகமே உங்களை நோக்கி ஓடிவர வேண்டும், நீங்கள் கூப்பிட்டு யார் ஓடிவந்தார்களோ அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாஸ்டர் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மண்டியிட்டார். கைகளை விரித்தார். முகத்தில் ஒரு ஏக்கம். சட்டென்று நெஞ்சில் ஏதோ மோதியதுபோல் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வெறுங்காற்றை அள்ளி அணைத்துக்கொண்டார்.

கூடம் கைதட்டியது. இதுதான், இதேதான் என்று இயக்குநர் குதித்தார். மாஸ்டர் மட்டும் கைகளைப் பிரிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபின் இவள் தனியாக உட்கார்ந்து அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்தாள்.

கறுப்புத் திரையில் மாஸ்டரின் புள்ளிகள் மண்டியிட்டன. அப்போது கூடத்தின் மூலையில் இன்னொரு கொத்துப் புள்ளிகள் முளைத்தன. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குமேல் இல்லை. தத்தித் தத்தி ஓடிவந்தன.

நேராக அவர் கைகளுக்குள்.

காமிராக் கோளாறு என்று துடைத்துவிட்டுப் பார்த்தாள். அசைவு செத்துப்போயிற்று. நெஞ்சு சாய்வதும், கை இறுகுவதும், எல்லாமே அந்தச் சின்னப் புள்ளிகளோடு போய்விட்டன. திரும்ப வரவழைத்தாள். துடைத்துவிட்டுத் திரும்ப வரவழைத்த புள்ளிகளுக்குப் பெயர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானே பெருக்கித் தள்ளிவிடும்; பெயர் கொடுத்தால்தான் வைத்துக்கொள்ளும். அவசரத்தில் விளையாட்டாகத் தட்டினாள்: பாப்பா.

அந்தத் தொழிலில் அது ஒன்றுமே இல்லாத காரியம். ஆனால் பெயர் வைத்ததை அந்த யந்திரம் மறப்பதில்லை. அடுத்த பதிவிலும் அதைத் தேடும்.

தேடியது. கிடைத்தது.

மாஸ்டர் நடந்தால் பின்னாலேயே பாப்பா. அவர் கத்தி சுழற்றினால் எட்ட நின்று பார்க்கும். அவர் உட்கார்ந்தால் மடியில். வேறு யார் ஆடினாலும் வராது. ஒருநாள் கூடத்துக்குள் போனபோது மழையில் நனைந்த பிள்ளையின் தலைமுடி வாசனை இவள் மூக்கில் ஏறியது. வெளியே பொட்டு மழையில்லை.

வாரங்கள் போகப்போக இன்னொன்றைக் கவனித்தாள்.

பாப்பா வளர்ந்துகொண்டிருந்தது.

முழங்கால் உயரம் இருந்தது இடுப்பைத் தொட்டது. மாஸ்டரோ உருகிக்கொண்டே வந்தார். உடுப்பு தொளதொளத்தது. உருண்டைகளை ஒட்டும் பெண், ஒவ்வொரு நாளும் இவரைப் புதுசா தேட வேண்டியிருக்கு என்று கேலி செய்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

இவளுக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திடுக்கிடவில்லை. கனம் தெரிகிறது என்றார். முதலில் பூ மாதிரி இருந்தது, இப்போது தூக்கினால் கை வலிக்கிறது என்றார்.

“அன்னிக்கு யாரை நினைச்சீங்க, மாஸ்டர்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நினைக்கறதுக்கு யாரும்மா இருக்கா? ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரல. சரி, யாராவது வரட்டும்னு கூப்பிட்டேன்.”

இவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆள் பெயர் சொல்லாமல் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார் மனுஷன். இப்படியே போனால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள், நான் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் குச்சியாயிருந்தன.

“எடுத்துடாதே, தாயி. என்னைப் பார்த்து ஓடி வர்றதுக்கு வேற யாரு இருக்கா?”

மூன்றாம் மனிதருக்கு இதில் என்ன சொல்ல இருக்கிறது, சொல்லுங்கள். வைத்தால் உயிர் போகும். எடுத்தால் உயிரோடு இருப்பதற்கான காரணம் போகும். சாப்பிடவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் தவித்தாள். ஒருநாள் காலையில் மாஸ்டர் இரண்டு படி ஏறியதும் மயங்கி விழுந்தார். அவரைத் தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொண்டிருக்கும்போதே இவள் போய்ப் பெயரை அழித்தாள். புள்ளிகளையும் துடைத்தாள்.

வில்லனின் அடி அதற்குமுன்பே விளையாட்டுக்குள் போய்விட்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

மறுவாரம் மாஸ்டர் வந்தார். முகத்தில் மறுபடி ரத்தக் களை வந்திருந்தது. வேலையெல்லாம் முடிந்து ஆட்கள் வயர்களைச் சுருட்டத் தொடங்கியபோது, யாரும் கேட்காமலே நடுக்கூடத்தில் மண்டியிட்டார். கைகளை விரித்தார்.

காத்திருந்தார்.

இவள் திரையைப் பார்த்தாள். அவருடைய புள்ளிகள் மட்டும். சுற்றிலும் அத்தனை இருட்டு.

விளக்குக்காரர் பாவம் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, சார், அணைக்கட்டுமா என்று கேட்டார். மாஸ்டர் விரித்த கைகளை மெதுவாக மடக்கித் தன்னையே கட்டிக்கொண்டு எழுந்தார். இவளைத் தாண்டிப் போகும்போது ஒரு சொல் திட்டவில்லை. நல்லா இரும்மா என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று இவள் என்னிடம் சொல்லி அழுதாள். அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, எங்கோ தனியாக இருக்கிறார் என்று மட்டும் கேள்வி.

அவர் மண்டியிட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம் இவள் வீடு திரும்பினாள். இவளுக்கும் மாடியில் காத்திருக்க ஒருவரும் கிடையாது. கீழ்ப்படியில் கால் வைக்கும்போது மழைத் தலைமுடி வாசனை வந்தது.

தொங்கவிட்டிருந்த கையின் சுண்டுவிரலை ஒரு கை பற்றியது.

ஜில்லென்ற, மிகச் சின்னக் கை. முதல் நாள் திரையில் பார்த்த அளவுதான். வளர்ந்ததெல்லாம் கழிந்து மறுபடி முதலிலிருந்து.

“உதறியிருக்கலாமே, கண்ணு,” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “பேர் வெச்சது நான்தானேம்மா?”

இது நடந்தது போன மழைக்காலத்தில். இப்போதெல்லாம் அவள் வேலை முடிந்து வரும்போது நான் கீழே படுத்தபடி காதைத் தீட்டிக்கொள்கிறேன். மாடிப்படியில் அவள் காலடி கேட்கும். அதை ஒட்டியே தத்தித் தத்தி இன்னொரு காலடி. அவளுடையது நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வருகிறது.

நேற்று எனக்குக் கேட்டது அந்த இன்னொன்று மட்டும்தான். சீராக, அழுத்தமாக, தத்தாமல் ஏறிப்போயிற்று.

போதும், கண்ணுகளா, எழுந்திருங்கள். போகிற வழியில் உங்களுக்கென்று யாரும் இல்லை என்று தோன்றினால் என் கதவைத் தட்டுங்கள், வெட்டவெளியைப் பார்த்துக் கூப்பிடாதீர்கள். நீங்கள் கை விரித்தால் உங்கள் பிள்ளைகளே ஓடிவரட்டும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் கேட்கும் காலடி ஒவ்வொன்றும் உங்களுக்குத் தெரிந்த காலடியாகவே இருக்கட்டும்.