தீக்கு முந்தைய தேதி

"வீடு எரிஞ்சப்போ அது என் வீடே இல்லையாம், சார்!"

தையல்காரி காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தை மேசைமேல் அறைந்தாள். ஜூனில் தீப்பிடித்த வீட்டை அவள் மார்ச்சிலேயே கொழுந்தனுக்கு விற்றுவிட்டாளாம்; அவன் காட்டிய கிரயப் பத்திரம் அப்படிச் சொல்கிறதாம். உரிமையாளர் அல்லாதவருக்கு இழப்பீடு கிடையாதாம்.

"பதினோரு வருஷமா பிரீமியம் கட்டுறேன். அப்பெல்லாம் நான் உரிமையாளர்தானே?"

"பத்திரத்துல இருக்கறது உங்க கையெழுத்தா?" என்று நிதானமாகக் கேட்டார் துப்பறிவாளர். கட்டட மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் 'அளவுகோல்'.

"என்னுதுதான். என் வீட்டுக்காரர் இறந்தப்போ, வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்னு கொழுந்தன் வெத்து முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டான்."

"படுபாவி!" என்றாள் அவருடைய உதவியாளரான டைப்பிஸ்ட். "கையெழுத்து நிஜம்னா எப்படி சார் உடைக்கறது?"

"முதல்ல வீட்டைப் பார்ப்போம்."

வீட்டில் கரி நாற்றம் இன்னும் போகவில்லை. கருகிய சுவர்களுக்கு மேலே புதுத் தகரம் பளபளத்தது. முற்றத்தில் வெடித்த ஓடுகள் குவிந்து கிடந்தன. "மழைக்குப் பயந்து போன மாசம்தான் தகரம் போட்டேன்" என்றாள் தையல்காரி. அளவுகோல் குனிந்து ஒரு ஓட்டுத் துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் காப்பீட்டு அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"அண்ணி மனசாரக் கொடுத்த வீடு, சார்" என்று குழைந்தான் கொழுந்தன்.

அளவுகோல் பத்திரத்தை டைப்பிஸ்டிடம் நீட்டினார். "சொத்து விவரத்தைச் சத்தமா படிங்க."

"தெற்கு பார்த்த, இரண்டு அறைகளும் தகரக் கூரையும் கொண்ட..." அவள் குரல் உயர்ந்தது. "சார், தகரமா!"

"மார்ச்ல அது ஓட்டு வீடு. பாலிசி கொடுத்தப்போ எடுத்த போட்டோ உங்க ஃபைல்லயே இருக்கு, மேனேஜர். தீயில வெடிச்ச ஓடுங்க இன்னும் முற்றத்துல குவிஞ்சு கிடக்கு. தீக்கு அப்புறம் வந்த கூரை, தீக்கு முந்தின பத்திரத்துல எப்படி ஏறும்? மெயின் ரோட்டு மனைமேல இவருக்கு ஆசை. கையில வெத்துத்தாள் இருந்தது. போன மாசம் தகரம் போட்டப்புறம், கண்ணுல பட்ட வீட்டை அப்படியே எழுதி, பழைய தேதி போட்டுட்டார்."

கொழுந்தனின் முகம் வெளுத்தது. "அண்ணி, நான்..."

"அந்த வார்த்தை இனி உன் வாயில வரக்கூடாது" என்றாள் தையல்காரி. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அவன் திருடன், எழுதினான். நீங்க படிச்சவர்தானே? ஆறு தடவை வந்தேன். ஒரு தடவையாவது இதை முழுசாப் படிச்சீங்களா?"

மேனேஜர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. மறுபடி பரிசீலிக்கிறோம்."

"உட்கார வரலை. நிராகரிச்சது தப்புன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் அவள். "தேதியைச் சரியாப் போடுங்க."