ஆஸ்டின் டவுன் வாசகர் வட்டம்

யசோதரா அந்தப் புத்தகத்தை எட்டிப் பிடித்த அதே நொடியில் இன்னொரு கையும் அதைத் தொட்டது...

நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி. கண்கள் மட்டும் மழையில் கழுவி எடுத்தாற்போல அப்படி ஒரு தெளிவு!

பிரிகேட் ரோடை ஒட்டிய சந்தில் டொமினிக்கின் பழைய புத்தகக் கடை. வெளியே ஜூலை மழை. அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்துக்கு, கடையில் ஒரே பிரதிதான்.

“நான்தாங்க முதல்ல எடுத்தேன்” என்றான் அவன்.

“நீங்க தொட்டீங்க. எடுத்தது நான்.”

நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று டொமினிக் சிரித்தபடி நகர்ந்துவிட்டார்.

அவளுக்கு அது கட்டாயம் வேண்டும். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் சூடானிலிருந்து படிக்க வந்த மாணவன் ஒருவன் வந்திருந்தான். அவன் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அவன் அதைக் கவனிக்காதவன் போலப் பத்திரிகையைப் புரட்டினான். அந்த முகபாவம் யசோதராவுக்குப் புதிதல்ல... அப்பாவிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதையெல்லாம் நாலு பேர் கூடி உட்கார்ந்து படிக்க வேண்டும், பேச வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். ஆஸ்டின் டவுனில் அவர்கள் தெருப் புத்த விகாரையின் கூடத்தை ஞாயிறு காலைகளுக்குக் கேட்டு வாங்கியாயிற்று. புத்தகம்தான் பாக்கி.

கதையைக் கேட்டவன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப ஒண்ணு பண்ணலாம். புத்தகத்த நான் வாங்கிக்கறேன். ஞாயித்துக்கெழமை அதோட நானும் வரேன்.”

“புத்தகம் மட்டும் வந்தா போதும்.”

“தனியா வராதுங்க... அதுக்கு வழி தெரியாது.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரித்துவிட்டாள்.

அவன் பெயர் சீனு. செய்யாறு பக்கம் ஊர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஈஜிபுராவில் வாடகை அறை. சொன்னபடியே வந்தான். ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்வான். வட்டத்துக்கு வரும் ஆட்டோ டிரைவர் நாகேஷுக்காக நடுவே ஓட்டைக் கன்னடமும் பேசுவான். மௌரீன் டீச்சர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்களைப் பற்றிப் படித்த அன்று அவன் ஒரே பத்தியை இரண்டு முறை படித்தான். யசோதரா புத்தகத்தைப் பார்க்கவில்லை... அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. தலை நரைத்த அடிமையையும் எஜமானர்கள் ‘பையா’ என்றே கூப்பிட்டார்கள் என்று படித்தான். தன் அப்பாவையும் ஊரில் அப்படித்தான், சின்னப் பிள்ளைகள்கூட வாடா போடா என்பார்கள், அதனாலேயே அவர் ஊரை விட்டு வந்தார் என்று யசோதரா சொன்னாள்.

“அது வேறங்க” என்றான் சீனு. “ஊர்ல அது ஒரு பழக்கம். எங்க நெலத்துல வேலை பாக்கற அய்யாவுவ நான்கூட வா போன்னுதான் பேசுவேன். பாசமாத்தான்.”

“அவருக்கு என்ன வயசு?”

“அறுபது இருக்கும்.”

“அவரு உங்கள என்னன்னு கூப்பிடுவாரு?”

அவன் புத்தகத்தை மூடிவிட்டு மெல்லச் சொன்னான். “சின்னய்யா.”

இன்றைக்கு இது போதும் என்று அவள் எழுந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு புத்தகம் நாகேஷின் ஆட்டோவில் தனியாக வந்தது. சீனு வரவில்லை. கூப்பிட அவளுக்கு மனம் இல்லை. தப்பு என் மீதா என்ன? அவளே படித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் வரி தவறியது... அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

தீபாவளி முடிந்த ஞாயிறு. தூறல். எல்லோரும் போன பிறகு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் சீனு.

உள்ளே வரலாமா என்று கேட்டான். தலையசைத்தாள்.

தீபாவளிக்கு அவன் ஊருக்குப் போயிருந்தபோது, பலகாரம் வாங்கிப்போக அய்யாவு அவன் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாராம். பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை அவனுக்கு வரவில்லை. அவர் திரும்பி நடக்கும்போதுதான், “அய்யாவு அண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க” என்று கூப்பிட்டிருக்கிறான். அவர் அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். உட்காரவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்தான், இன்னும் அவனோடு பேசவில்லை.

“ஒரு வார்த்தைதான். அதச் சொல்ல எனக்கு இவ்ளோ வருஷம் ஆயிருக்கு யசோதரா. பாவம், அவரு பயந்துதான் போனாரு. அன்னைக்கு நீங்க கேட்டது சரி. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அய்யாவுக்கு இனிமே வேலை?”

“என்னால அது போகக் கூடாதுன்னு அம்மாகிட்ட கெஞ்சிட்டு வந்திருக்கேன். அடுத்த மாசமும் போவேன். அப்பா எதிர்லயே அப்படித்தான் கூப்பிடுவேன்.”

“இத போன்ல சொல்லியிருக்கலாமே...”

“சொல்லியிருக்கலாம்.” அவன் கண்ணை எடுக்கவில்லை. “உங்களப் பாக்கணும் போல இருந்துச்சு. அந்தக் கடையில பாத்த நாள்லேர்ந்து தினமும் அப்படித்தான் இருக்கு.”

பேசாத அவன் அப்பாவை நினைத்தாள். இதைக் கேட்டால் தன் அப்பா என்ன சொல்வார் என்றும் நினைத்தாள். எதுவும் சுலபமில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் என்னவோ இத்தனை நாள் கழித்து இளகியது...

பாயைக் கீழே வைத்தாள்.

“எனக்கும்தான் சீனு” என்றாள். “இல்லன்னா அன்னைக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது.”